சாவி வீட்டுக்குள், கார் தெருவில்: 'கீலெஸ்' கார்கள் திருடுபோவது எப்படி?

கோலார் தங்கவயல்: கண்ணாடி உடையாமல், சாவியும் தொலையாமல் கார் திருடுபோவது இன்று சாத்தியம். சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட லைன் வீடுகளில் கார் பெரும்பாலும் வாசலை ஒட்டிய தெருவில்தான் நிற்கும். சாவியோ சில அடி தொலைவில், கதவோரம் தொங்கும். இந்த நெருக்கமே திருடர்களுக்கு வசதி.

பொத்தானை அழுத்தி இயக்கும் 'கீலெஸ்' கார், கைப்பிடியைத் தொட்டதும் வலுக்குறைந்த ரேடியோ அலையை அனுப்புகிறது. ஓரிரு மீட்டருக்குள் சாவி இருந்தால் மட்டுமே அதற்குப் பதில் கிடைக்கும். திருடர்கள் இருவராக வருகின்றனர். காரருகே நிற்பவரின் கருவி அந்த அலையைப் பிடித்து, வீட்டுச் சுவரருகே நிற்பவரின் கருவிக்குக் கடத்துகிறது. உள்ளே இருக்கும் சாவி, கார் அருகில் இருப்பதாகக் கருதிப் பதிலளிக்க, கதவு திறக்கிறது. ரகசியக் குறியீடு எதுவும் உடைக்கப்படுவதில்லை. தூரம் மட்டுமே மறைக்கப்படுகிறது. இயங்கத் தொடங்கிய என்ஜின், சாவி விலகினாலும் பாதுகாப்பு கருதி நிற்பதில்லை.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர ஆய்வாளர்கள் 2011-ல் 8 நிறுவனங்களின் 10 மாடல்களைச் சோதித்தனர். பத்துமே ஏமாந்தன. அசையாதபோது உறங்கிவிடும் சாவிகளும், அலை வந்துசேரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளக்கும் சாவிகளும் பின்னர் வந்தன. ஆனால் பழைய கார்களுக்கு அவை உதவா.

இறுக மூடும் எவர்சில்வர் டப்பா ஓரளவு கைகொடுக்கும். சாவியை அதிலிட்டுக் காரருகே சென்று பார்க்க வேண்டும். கதவு திறந்தால் அந்த டப்பா பயன்படாது. ஸ்டீயரிங் பூட்டு பழைய முறைதான், எனினும் ரேடியோ அலைக்கு அது மசியாது.

இணைய வசதியுள்ள பழைய காரை வாங்குவோர், முந்தைய உரிமையாளரின் கைப்பேசிச் செயலி இணைப்பு நீக்கப்பட்டதா என்பதையும் பதிவு மாற்றத்தின்போதே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.