மொழியறிவும் கல்லூரிப் பாட அலகும்

அமெரிக்கக் கல்லூரிகளை நாடும் எம் வளைகுடாப் பிள்ளைகள் ‘கிளெப்’ பரீட்சையை அறிந்திருத்தல் நன்று. எங்கே கற்றாய் என அது வினவாது. எவ்வளவு அறிவாய் என்றே நோக்கும். சான்றிதழ்களைப் போரில் இழந்து வந்த எமக்கு இவ்வேற்பாட்டின் அருமை புரிகின்றது.

இதன் ஸ்பானிய மொழித் தேர்வில் கேட்டலுக்கு ஏறத்தாழ 30 நிமிடம், வாசிப்புக்கு 60 நிமிடம், பேச்சு இல்லை. ஆதலால் வாசிப்போடு நாள்தோறும் ஸ்பானிய உரையாடலைக் கேட்டுப் பழகுதலும் பயன்தரும். 20 முதல் 80 வரையான அளவில் 50 பெற்றால் 6 அலகுகள் வழங்கலாமென அமெரிக்கக் கல்விப் பேரவை பரிந்துரைக்கின்றது. ஏற்பதும் மறுப்பதும் கல்லூரியின் உரிமை, முன்னரே கேட்டறிக.

பிரெஞ்சும் ஜேர்மனும் இவ்வரிசையில் உண்டு, தமிழ் இல்லை. ஆயினும் ‘ஆக்ட்ஃபில்’ அமைப்பின் வாய்மொழித் தேர்வு தமிழிலும் உண்டு. அது தொலைபேசி வழியான 15 முதல் 30 நிமிட உரையாடல். ஊரிலுள்ள அம்மம்மாவோடு வாரந்தோறும் பேசும் பிள்ளைக்கு அப்பயிற்சி முன்பே உண்டு.