கடல் காற்றாலை: முதலில் கரையில் என்ன வேண்டும்?

தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு ட்ரெய்லர் புறப்படுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் நீளம் மறக்காது. அறுபது, எழுபது மீட்டர் இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நின்று கைகாட்ட வேண்டும். எதிரே வரும் பேருந்து ஓரங்கட்டி நிற்கும். தாழ்ந்து தொங்கும் கம்பிகளைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். நாற்பது கிலோமீட்டர் போகவே ஓர் இரவு ஆகிவிடும்.

இப்போது கடலில் நடப்படும் காற்றாலைகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெஸ்டாஸ் நிறுவனத்தின் வி236 மாடல், 15 மெகாவாட். அதன் ஓர் இறக்கை 115.5 மீட்டர். அதை எந்த நெடுஞ்சாலையிலும் கொண்டுபோக முடியாது. அச்சில் வார்த்து எடுத்த இடத்திலிருந்து நேராகக் கப்பலுக்குப் போக வேண்டும். அதாவது, தொழிற்சாலையே துறைமுகத்துக்குள் இருக்க வேண்டும். கடல் காற்றாலைத் தொழிலைப் பற்றி எவ்வளவு பேசினாலும் இந்த ஒரு நீளத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நிலத்துக் காற்றாலைகளில் தமிழ்நாடு சேர்த்துவைத்திருக்கும் பெயரும் பழக்கமும் எதுவரை கைகொடுக்கும், எங்கே நின்றுவிடும் என்பதை அது காட்டிவிடுகிறது.

இந்தியாவின் கடல் காற்றாலைக் கொள்கை 2015 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 2018-ல் குஜராத் கடலில் ஆயிரம் மெகாவாட்டுக்கு விருப்பம் கேட்டபோது 35 நிறுவனங்கள் கை தூக்கின. 2022-க்குள் 5,000 மெகாவாட், 2030-க்குள் 30,000 மெகாவாட் என்று இலக்குகளும் வந்தன. 2022 கடந்துபோனது; ஒரு தூண்கூட ஊன்றப்படவில்லை. 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் 6,853 கோடி, குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தலா 500 மெகாவாட் அமைக்க. விற்கும் விலைக்கும் ஆகும் செலவுக்கும் இடையே விழும் பள்ளத்தை அரசே நிரப்பிக் கொடுக்கும் நிதி இது. மீதி 600 கோடி, இரண்டு துறைமுகங்களை மேம்படுத்த.

அதே ஆண்டு பிப்ரவரியில் தமிழகக் கடலில் 4,000 மெகாவாட்டுக்குக் கடலடி நிலத்தைக் குத்தகைக்கு விடும் டெண்டரும், செப்டம்பரில் குஜராத்தின் 500 மெகாவாட்டுக்கான டெண்டரும் வந்தன. எடுக்க ஆள் வராமல் 2025 ஆகஸ்டில் இரண்டும் ரத்தாயின. தமிழகக் கடலுக்கான டெண்டரில் மானியம் கிடையாது. மின்சாரத்தை வாங்குபவரையும் எடுப்பவரே தேடிக்கொள்ள வேண்டும். பல ஆயிரம் கோடியைக் கடலில் இறக்கப் போகிறவரிடம் வாங்கும் ஆளையும் நீயே பார் என்றால் அவர் தயங்கத்தானே செய்வார்?

காற்றில் குறையே இல்லை. கன்னியாகுமரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவில் சராசரிக் காற்றின் வேகம் பல இடங்களில் வினாடிக்கு 8 மீட்டரைத் தாண்டுகிறது. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் தனுஷ்கோடியில் நூறு மீட்டர் உயரக் கம்பம் நட்டு அளந்திருக்கிறது. குஜராத், தமிழ்நாடு இரண்டின் கரையோரக் கடலிலும் தலா எட்டு மண்டலங்கள் குறிக்கப்பட்டு, மொத்தம் 70,000 மெகாவாட் அளவுக்கு வாய்ப்பு உண்டு என்று மதிப்பிடப்பட்டுள்ளது. காற்றின் வேகம் கொஞ்சம் கூடினாலும் பலன் நிறையக் கூடும். அதிலுள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. 7 மீட்டர் வேகக் காற்றைவிட 8 மீட்டர் வேகக் காற்றில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆற்றல் இருக்கிறது.

காற்று இருக்கிறது, இடமும் குறித்தாயிற்று. பிறகு என்னதான் இல்லை?

முதலில் துறைமுகம். நிலத்தில் ஒரு காற்றாலையைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து தோட்டத்திலேயே பூட்டிவிடலாம். கடலில் அது நடக்காது. கோபுரத்தின் பாகங்களைக் கரையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, இறக்கைகளையும் நாசெல் என்னும் தலைப்பெட்டியையும் வரிசையாக அடுக்கிவைத்து, கடல் அமைதியாகும் நாளுக்காகக் காத்திருந்து ஏற்ற வேண்டும். அதற்கு ஏக்கர் கணக்கில் திறந்தவெளி வேண்டும். நூற்றுக்கணக்கான டன் எடை ஒரே புள்ளியில் அழுத்தினாலும் உள்வாங்காத தளம் வேண்டும். டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகம் மீன்பிடியிலும் எண்ணெய்க் கிணறு வேலையிலும் வளர்ந்து, பிறகு இந்தத் தொழிலுக்கு மாறிய ஊர். காற்றாலைப் பாகங்களை ஏற்றி இறக்கிப் பழகிய தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கும் அந்த வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இறக்கையை இறக்கி லாரியில் ஏற்றுவது ஒரு வேலை, முழுக் காற்றாலையைக் கரையில் நிறுத்திவைப்பது வேறு வேலை. 600 கோடி ரூபாயை இரண்டு துறைமுகங்களுக்குப் பங்கிட்டால் அது தொடக்கத்துக்கு மட்டுமே போதும் என்பது என் கணிப்பு.

அடுத்தது இரும்பு. கடலடியில் ஊன்றும் அடித்தாங்கியில் இரண்டு வகை முக்கியம். ஒன்று மோனோபைல்: ஒரே ஒரு பெரிய குழாய், விட்டம் எட்டு முதல் பத்து மீட்டர், எடை ஆயிரம் டன்னுக்கு மேல். கனத்த இரும்புத் தகட்டை வளையமாக உருட்டி, வளையத்தோடு வளையம் வைத்து வெல்டிங் செய்து, சம்மட்டியால் அடித்துக் கடலடியில் இறக்குவார்கள். கீழே பாறை குறுக்கிட்டால் அது சுலபமில்லை. அப்போது மூன்று நான்கு கால்களுள்ள ஜாக்கெட் என்னும் இரும்புச் சட்டகம் உதவும். ஜாக்கெட் நமக்குப் புதிய பொருள் அல்ல. கடல் எண்ணெய்க் கிணறுகளுக்கான மேடைகளையும் அவற்றின் கால்களையும் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி யார்டில் பல ஆண்டுகளாகக் கட்டுகிறார்கள். அமெரிக்காவின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை 2016-ல் பிளாக் ஐலண்ட் அருகே ஐந்தே காற்றாலைகளோடு எழுந்தபோது அதன் ஜாக்கெட்டுகளைக் கட்டியது லூசியானாவிலுள்ள ஓர் எண்ணெய் மேடை யார்டு. நாசெல்கள் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தன. நாமும் அந்த வழியில்தான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். காற்றாலையின் மூளையை உடனே உள்நாட்டில் செய்வோம் என்று சபதம் போடுவதைவிட, கால்களைச் செய்யத் தெரிந்தவர்களிடம் முதல் வேலையைக் கொடுப்பது நடக்கிற காரியம்.

கப்பல் விஷயம் சற்றுக் கடினம். கடலடியில் கால் ஊன்றித் தன்னையே தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, நூற்றைம்பது மீட்டர் உயரத்தில் நாசெல்லை வைக்கும் ஜாக்-அப் கப்பல் இந்தியாவில் கிடையாது. வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். அதன் வாடகை நாள் கணக்கில் ஓடும். காற்றடித்து வேலை நின்றாலும் ஓடும். ஆனால் கட்டிய பிறகு பராமரிப்புப் பணியாளர்களை ஏற்றிச் செல்லும் கப்பல்களை ஐரோப்பிய நிறுவனங்களுக்காகக் கொச்சியில் கட்டுகிறார்கள். வட கடலுக்குப் போகும் கப்பலைக் கட்டத் தெரிந்த கைகள் மன்னார் வளைகுடாவுக்கும் கட்டும். ஒரு காற்றாலை இருபத்தைந்து ஆண்டுகள் நிற்கும். அத்தனை ஆண்டும் படகும் மெக்கானிக்கும் வேண்டும். உள்ளூருக்கு நிலைத்து நிற்கும் வேலை அங்கேதான் இருக்கிறது.

வார்ப்பு, கியர்பாக்ஸ், ஜெனரேட்டர் போன்றவை சாலையில் பயணிக்கக்கூடியவை. கோவையின் வார்ப்பாலைகளும் கியர்பாக்ஸ் ஆலைகளும், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஆலைகளும் ஏற்கெனவே உலகத்துக்குக் கொடுக்கின்றன. அவை இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். இறக்கை, கோபுரம், அடித்தாங்கி, கடலடிக் கேபிள் ஆகிய நான்கும் கடலோரத்துக்கு வந்தாக வேண்டும். கேபிளுக்கு ஒரு தனிக் காரணம்: இணைப்பு விழும் ஒவ்வோர் இடமும் பலவீனம். அதனால் பல கிலோமீட்டரை ஒரே நீளமாகச் செய்து, ஆலையிலிருந்து நேராகக் கப்பலின் வட்டத்தட்டில் சுற்றுகிறார்கள்.

இத்தனையும் தெரிந்தும் ஆலைகள் ஏன் எழவில்லை? 500 மெகாவாட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 மெகாவாட் காற்றாலையாக வைத்தால் 33 அல்லது 34 காற்றாலைகள், நூற்றுச் சொச்சம் இறக்கைகள். ஓர் இறக்கை ஆலை சில மாதங்களில் முடித்துவிட்டு அடுத்த வேலைக்குக் கை கட்டி நிற்கும். அதற்காக எவரும் அச்சு வாங்கமாட்டார்கள். ஒரு டெண்டர் போதாது. அதன் பின்னால் நிற்கும் வரிசைதான் ஆலையைக் கட்டும்.

பிரிட்டனில் அது நடந்த விதம் தெளிவான பாடம். அங்கே முதல் பெரிய பண்ணையான நார்த் ஹாய்ல் 2003-ல் வந்தது. 2010-ல் மூன்றாம் சுற்றுக் குத்தகையில் 30,000 மெகாவாட்டுக்கு மேல் கடலடி நிலம் ஒதுக்கப்பட்டது. அதன் பிறகே, 2014-ல், ஹல் நகரத்தில் இறக்கை ஆலை கட்டுவதாக சீமென்ஸ் அறிவித்தது. 2016-ல் அலெக்சாண்ட்ரா டாக் என்னும் பழைய துறையில் ஆலை திறந்தது. ஆழ்கடல் மீன்பிடி ஒடிந்து நொந்துபோயிருந்த ஊர் அது. ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு வேலை வந்தது. முதல் பெரிய பண்ணைக்கும் இந்த ஆலைக்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுகள்.

அதே நாட்டில் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கரையோரம் வேறு கதை. மெத்தில் என்ற ஊரில் எண்ணெய் மேடைகள் கட்டிய பெரிய யார்டு இருந்தது. பைஃபாப் என்ற நிறுவனம் நடத்தியது. ஸ்காட்லாந்தின் அதே கிழக்குக் கடற்கரையை ஒட்டி, வட கடலில், சீகிரீன் என்ற பெரும் பண்ணை வரவிருந்தது. அதற்கான 114 ஜாக்கெட்டுகளில் 84 சீனாவுக்கும் 30 அமீரகத்துக்கும் போயின. 2020 டிசம்பரில் பைஃபாப் திவால் நடவடிக்கைக்குள் விழுந்தது. அரசு போட்ட பணமும் முழுகியது. அமீரகத்து யார்டுகளில் நம் ஊர் வெல்டர்கள் காலங்காலமாக வேலை பார்க்கிறார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு ஒரு வேதனை வருகிறது: நாளைக்குக் கன்னியாகுமரிக் கடலில் நடும் இரும்பும் அப்படி வெளியே கட்டப்பட்டு வந்து, கட்டியவர் மட்டும் இராமநாதபுரத்துக்காரராக இருந்தால்?

உள்நாட்டில்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டால் தீராதா என்று கேட்கலாம். தைவான் போட்டது. எந்தெந்தப் பாகம் உள்ளூரில் செய்யப்பட வேண்டும் என்று பட்டியலிட்டது. ஆலைகள் வந்தன; செலவும் தாமதமும் கூடவே வந்தன. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. அதே ஆண்டின் இறுதியில் தைவான் அந்த நிபந்தனைகளைத் தளர்த்தச் சம்மதித்தது. ஆலை பழகுவதற்கு முன்பே கட்டாயம் வந்தால் அதன் விலை மின்கட்டணத்தில் ஏறும்.

நமக்கு வெளியூர் பாடம்தான் வேண்டும் என்பதில்லை. 1986-ல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் தலா 55 கிலோவாட் திறனுள்ள சிறு காற்றாலைகள் நிறுத்தப்பட்டன. இன்றைய 15 மெகாவாட் கடல் காற்றாலை ஒன்று அவற்றில் ஏறக்குறைய 270-க்குச் சமம். முள்ளக்காட்டில் சுழன்றதைப் பார்த்த பிறகு, தொண்ணூறுகளில் முதலாண்டிலேயே முழுத் தேய்மானச் சலுகை கிடைத்தபோது, கோவை வட்டாரத்து நூற்பாலைகள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வந்து காற்றாலை போட்டன. முப்பந்தல் நிறைந்தது. தொடக்கத்தில் இறக்குமதி, பிறகு இங்கேயே பூட்டுதல், பிறகு இங்கேயே வார்த்தல். இறக்குமதியில் தொடங்கி ஏற்றுமதிக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. வாங்குபவர்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்ததால்தான் அது நடந்தது.

கடலில் இன்னொரு தரப்பு இருக்கிறது. அங்கே நிலப்பட்டா கிடையாது என்பதால் அது யாருடையதும் அல்ல என்று ஆகிவிடாது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. பவளப்பாறையும் கடற்பசுவும் உள்ள கடல். கன்னியாகுமரிக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் என்னும் மீன்வளத் திட்டு. கச்சானையும் வாடையையும் கொண்டலையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள் அங்கே தொழில் செய்கிறார்கள். காற்றாலைகளுக்கு இடையே ஒன்றரைக் கிலோமீட்டர் இடைவெளி இருக்கும், மீன் பிடிக்கலாம் என்று சொல்வது எளிது. ஆனால் கட்டும்போது பிரிட்டனில் ஒவ்வொரு தூணையும் சுற்றி 500 மீட்டர் தடை இருக்கிறது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கடலில் தூண் நட முடியாது. காற்று அடங்கிய மாதங்களில்தான் முடியும். சிறு படகுகள் நிம்மதியாகக் கடலுக்குப் போவதும் அந்த மாதங்களில்தான். ஆக, கட்டுமானக் காலமும் மீன்பிடிக் காலமும் நேருக்கு நேர் மோதும். இழப்பீட்டை நிர்ணயிக்கும் மேசையில் மீனவர் சங்கங்கள் டெண்டருக்கு முன்பே உட்கார வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கொண்டுபோன உயிர்களை அந்தக் கரை மறக்கவில்லை; அந்தக் கடலைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்த அளவீட்டுக் கம்பத்திலும் பதிவாகவில்லை. பாதுகாப்புப் படகு, பராமரிப்புப் படகு, கடல் காவல் என்று முதலில் வரும் வேலைகளுக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்களையும் நான் அறியேன்.

கரைக்கு வரும் மின்சாரத்தை வாங்க நெல்லை மாவட்டம் ஆவரைகுளத்தில் துணை மின்நிலையம் திட்டமிடப்பட்டிருக்கிறது. 2032 டிசம்பருக்குள் முடியும் கடல் காற்றாலைகளுக்கு மாநிலங்களுக்கு இடையேயான மின் கடத்தல் கட்டணம் கிடையாது என்றும் அறிவித்தாயிற்று. டெண்டர் எடுத்தபின் ஆய்வு, அனுமதி, கட்டுமானம் எல்லாவற்றுக்கும் ஆறேழு ஆண்டுகள் ஆகும் தொழிலில் அந்தத் தேதி இப்போதே நெருங்கிவிட்டது. அடுத்த டெண்டர் அறிவிப்பு வரும்போது தொகையைப் பார்ப்பதற்கு முன் இரண்டு விவரங்களைத் தேடிப் பார்க்கலாம்: மின்சாரத்தை வாங்கப்போவது யார் என்று எழுதியிருக்கிறதா, அதற்கு அடுத்த டெண்டரும் அதற்கும் அடுத்ததும் எந்த ஆண்டில் வரும் என்று அச்சிட்டிருக்கிறதா.