நடக்கும் பாதம் நடக்க மறுத்தால்



உடப்புக்கு அண்மையிலுள்ள ஓர் ஊரிலிருந்து பெண்மணி ஒருவர், தாம் தைத்த ஒட்டுப் போர்வை ஒன்றைக் கொண்டுவந்து என் முன் விரித்தார். ஆறடி நீளம். ஆடைத் தொழிற்சாலைகளில் கழித்த துண்டுத் துணிகளை நிறுத்து வாங்கி, நிறம் பார்த்து இணைத்து, நடுவே பஞ்சு விரிப்பு இட்டு, அடியில் வெள்ளைத் துணி கொடுத்திருந்தார். மூன்று வாரத்து உழைப்பு. ஆனால் மேல்துணி வரிக்கு வரி முன்னே தள்ளப்பட்டு, கடைசி ஓரத்தில் இரண்டு அங்குலம் மிகுந்து மடிந்து கிடந்தது. வாங்குவதாகச் சொல்லியிருந்த விடுதிக்காரர் வேண்டாமென்று திருப்பிவிட்டார். இக்குறையைத் தடுப்பதற்கென்றே விலை கொடுத்து ஒரு பாதம் வாங்கிப் பூட்டியிருந்தும் இந்நிலை. “பாதம் பழுது, அக்கா” என்றார் அவர்.

புத்தளக் கரையின் வெக்கையில் பஞ்சுப் போர்வை எவருக்கு என்று சிலர் வினவக்கூடும். தொட்டிற் குழந்தைக்கு வேண்டும். மலைநாட்டுக் குளிருக்கு வேண்டும். கற்பிட்டிப் பக்கத்து விடுதிக் கட்டில்களுக்கும் வேண்டும். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு இக்கரையில் குடியேறிய முஸ்லிம் குடும்பங்களுள்ளும், தையற்பொறியை நம்பி அடுப்பெரித்த வீடுகள் உண்டு. அத்தகைய வீட்டில் ஒரு போர்வை கெடுவது சிறு இழப்பன்று.

தையற்பொறியில் துணியை நகர்த்துபவை தட்டுக்குக் கீழிருந்து எழும் பற்கள். மேலிருந்து அழுத்தும் சாதாரணப் பாதம் துணியைப் பிடிக்குமேயன்றி நகர்த்தாது. ஒற்றைத் துணியில் இது தெரிவதில்லை. மூன்று அடுக்குச் சேரும்போதோ, கீழ்த்துணி பற்களோடு செல்ல, மேல்துணி பாதத்தில் உரசிப் பின்தங்குகிறது. அத்தங்கலே மடிப்பாகத் திரள்கிறது. கடையில் ‘வோக்கிங் ஃபுட்’ என்று கேட்டு வாங்கும் நடக்கும் பாதத்தில் மேலேயும் பற்கள் உள்ளன. அதன் பக்கத்திலுள்ள கவட்டுக்கை, ஊசியை இறுக்கும் திருகின்மேல் ஏறி அமர வேண்டும். ஊசி மேலே எழும்போது அக்கையும் எழுந்து, மேற்பற்களைத் துணிமீது அழுத்துகிறது. கீழ்ப்பற்கள் துணியைப் பின்னே கொண்டுசெல்ல, மேற்பற்களும் அதனுடன் செல்கின்றன. ஊசி இறங்கும்போது மேற்பற்கள் துணியை விட்டெழ, உள்ளேயுள்ள சிறு சுருள்வில் அவற்றை முன்னிடத்துக்கு இழுத்துக்கொள்கிறது.

இதிலிருந்து பெறப்படும் செய்தி ஒன்றுண்டு. நடக்கும் பாதத்துக்குத் தன் சொந்தக் கால் இல்லை! எழுப்புவது ஊசித்தண்டு, நடத்துவது கீழ்ப்பற்கள். ஆகவே பாதத்தைப் பழிக்குமுன் அவ்விரண்டையும் பார்த்தல் வேண்டும். எம்பிராய்டரி செய்வதற்காகக் கீழ்ப்பற்களை இறக்கியோ மூடியோ வைத்துவிட்டு, பின் மறந்து இப்பாதத்தைப் பூட்டுவோர் உளர். இது பின்னோக்கித் தைப்பதற்கும் ஏற்றதன்று. மேற்பற்கள் போகும் திசை ஒன்றே.

அப்பெண்மணியின் மிதிபொறியைப் பார்த்தேன். கவட்டுக்கை திருகின்மேல் அமராது அதன் கீழே கிடந்தது. ஊசி ஏறியது, இறங்கியது. கையோ அசையவே இல்லை. அவ்வளவு பெரிய போர்வை முழுவதும் வெறும் பாதத்தால் தைத்ததற்கு ஒப்பாகிவிட்டது. சில பழைய பொறிகளில் இத்திருகு மிகக் குட்டையாக இருப்பதால் கை வழுக்கி விழும். சற்று நீண்ட திருகு மாற்றினாற் போதும். வாங்கும்போதே காம்பின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். பாதத்தை இறக்கிவிட்டு, தட்டிலிருந்து பாதம் பூட்டும் திருகு வரை அளந்தால், வீட்டுப் பொறிகள் பலவற்றில் ஏறத்தாழ அரை அங்குலம் இருக்கும். உயர்காம்புப் பொறிகளில் ஓரங்குலம். ஒன்றுக்குரியது மற்றதற்குப் பொருந்தாது. பூட்டிய திருகைக் கைவிரலால் மட்டும் முடுக்காது திருப்புளியால் இறுக்குங்கள். இப்பாதம் அதிர்வு மிக்கது. திருகு தளர்ந்தால் ஊசி பாதத்தில் மோதி முறியும்.

கையைச் சரியாக ஏற்றிய பின் சோதித்துப் பார்த்தோம். ஒரே துணியில் ஓரடி நீளத்துக்கு இரு நாடாக்கள் வெட்டி, இடையே பஞ்சு வைத்து, நுனிகளை ஒப்பவைத்துத் தைப்பதே அச்சோதனை. இறுதியில் இரு நுனிகளும் ஒத்திருக்க வேண்டும். எங்கள் சோதனையில் மேல்நாடா இன்னும் கால் அங்குலம் மிகுந்தது. அழுத்தத் திருகைச் சற்றுத் தளர்த்தினோம். தடித்த அடுக்குக்கு அழுத்தம் குறைவாக வேண்டும். தையலை அங்குலத்துக்கு எட்டாக நீட்டினோம். ஓரளவு குறைந்ததேயன்றி முற்றும் நீங்கவில்லை.

பாதத்தைக் கழற்றி, கவட்டுக்கையை விரலால் தூக்கி, மேற்பற்களைப் பின்னே தள்ளி விட்டுப் பார்த்தேன். துள்ளி முன்னே வரவேண்டிய பற்கள் சோம்பலாக ஊர்ந்தன. காரணம் மணத்திலேயே தெரிந்தது, தேங்காயெண்ணெய்! தென்னை சூழ்ந்த நம் ஊர்களில் கைக்கு எளிதில் எட்டுவது அதுதான். ஆனால் அது நாளடைவில் பிசினாகி, பஞ்சுத்தூளையும் மணலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெயில் சிறிது நனைத்த துணியால் உலோகப் பகுதிகளைத் துடைத்து, தூரிகையால் தூள் நீக்கி, உலர்ந்தபின் தையற்பொறிக்குரிய எண்ணெய் ஒரே துளி அசையும் இடத்தில் இட்டு, மிகுந்ததைத் துடைத்தேன். (அடுப்பருகே இதனைச் செய்யவேண்டா.) பற்கள் துள்ளின. அடுத்த நாடா நூலளவும் பிசகவில்லை.

உப்பளமும் களப்பும் கடலும் சூழ்ந்த இக்கரையில் துருவும் ஓயாத பகை. சோளகம் வீசும் மாதங்களில் மணலும் உப்பும் சன்னல்வழியே வந்துவிடும். வேலை முடிந்ததும் பாதத்தைக் கழற்றித் துடைத்து, இறுக மூடும் தகரப் பெட்டியில் வைப்பது நல்லது. துருவேறிய ஊசி துணியைக் குத்தாது இழுக்கும். போர்வைக்கு ஒரு புது ஊசி, 14 அல்லது 16 ஆம் எண், கணக்குப் பாராமல் போடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் துணி கோணினால் குறை நம் கையிலிருக்கலாம். போர்வையின் பாரம் மேசையிலிருந்து தொங்கினால் எப்பாதமும் தோற்கும். இடப்புறமும் பின்புறமும் வாங்கு ஒன்றைப் போட்டுத் தாங்குங்கள். துணியைப் பின்னிருந்து இழுக்கவேண்டா. நாலங்குலத்துக்கு ஓரிடம் ஓட்டுத்தையலிட்டு, நடுவரியில் தொடங்கி ஓரம் நோக்கிச் செல்லுங்கள். மிதி மெதுவாக இருக்கட்டும்.

கெட்ட போர்வையை என் செய்வது என்று அவர் கேட்டார். மடிப்பு விழுந்த வரிகளை மட்டும், நாலு தையலுக்கு ஒன்றாக அடிப்புறத்தில் அறுத்து, மேல்நூலை உருவினோம். பருத்தித் துணியாதலால் ஊசித்துளைகள் நனைத்து அலசியதும் பெரும்பாலும் மறைந்தன. பதினொரு வரிகள் பிரித்தோம். நடுவிலிருந்த வரிகளை அப்படியே விட்டோம். அங்கே பிழை சிறிது.