மிச்சம் வைக்காத எஞ்சின்

அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு கார் ஷெட். அங்கே போன மே மாதம் ஒரு முழு மதியம் உட்கார்ந்திருந்தேன். வண்டி மச்சானுடையது. ஒன்பது வயதான ஜெர்மன் செடான். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். புதிதாக இறங்கியபோது அதன் விலைக்குத் திருமுல்லைவாயலில் ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கலாம். மச்சான் வாங்கியது செகண்ட் ஹேண்டில், ஒரு புது ஸ்விஃப்டின் விலைக்கு. ஏழு மாதம் ராஜாவாகச் சுற்றினார். எட்டாவது மாதம், பாடி மேம்பாலத்தடியில் சிக்னலுக்கு நின்றபோது டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு. பானெட் இடுக்கிலிருந்து ஆவி. பின்னாலிருந்த ஷேர் ஆட்டோக்காரர் பொறுமையாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாராம்.

மெக்கானிக் கழற்றிக் கையில் கொடுத்த குற்றவாளி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் குழாய் முனை. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அப்பளமாக நொறுங்கியது.

"இது எவ்வளவு அண்ணா?"

"பார்ட் கம்மிதான் சார். இதத் தொடறதுக்கு மேல இருக்கறது எல்லாம் கழட்டணும். அதுக்குத்தான் காசு." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "வண்டி வெலதான் எறங்கியிருக்கு. ஸ்பேர் வெல எறங்கல."

இரண்டாம் கையில் சொகுசுக் கார் வாங்கும் அத்தனை பேரும் வாசலில் எழுதி மாட்ட வேண்டிய கணக்கு அது. ஆனால் எனக்கு அரித்தது வேறு கேள்வி. அத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய ஒன்று எப்படி அப்பளமாகிறது? எதிர்வீட்டு ஆல்டோ பதினான்கு வருடமாக ஆயில் மாற்றினால் போதும் என்று ஓடிக்கொண்டிருக்கிறதே?

பதில் ஒரே சொல்லில் இருக்கிறது: மிச்சம். எந்த இயந்திரத்தைக் கட்டுபவரும் தேவைக்கு மேல் கொஞ்சம் பலம் வைத்துத்தான் கட்டுவார். பத்து டன் தாங்க வேண்டிய கொக்கியை ஐம்பது டன் தாங்கும்படி வார்ப்பார். அந்த உபரி சும்மா கிடப்பதுபோல் தெரியும். உண்மையில் துரு, தூசி, வெயில், ஓட்டுநரின் அலட்சியம் எல்லாம் வந்து தின்பது அந்த உபரியைத்தான். வேகக் கார் செய்வோர் அதே உபரியை எடுத்து வேகமாக மாற்றி விற்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். அம்பாசடரின் 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் தந்தது சுமார் 50 குதிரைத்திறன். லிட்டருக்கு 33 என்று வைத்துக்கொள்ளலாம். மெர்சிடீஸ்-ஏஎம்ஜி 2019-இல் கொண்டுவந்த எம்139 என்ற எஞ்சின் இரண்டே லிட்டரில் 421 குதிரைத்திறன் வரை தந்தது. லிட்டருக்கு 210. அதே அளவு சிலிண்டரிலிருந்து ஆறு மடங்குக்கு மேல் பிழிந்தெடுக்கிறார்கள். அதற்கேற்ப உலோகமும் வடிவமும் எத்தனையோ மேம்பட்டிருப்பது உண்மை. ஆனால் வெப்பமும் அழுத்தமும் அந்த முன்னேற்றத்தின் கழுத்தருகே வந்து நிற்கின்றன.

எஞ்சினுக்குள் நடப்பதைக் கற்பனை செய்துபார்ப்பதே ஒரு வியப்பு. நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் பிஸ்டன் ஒரே விநாடியில் நூறு முறை மேலே போய் நூறு முறை கீழே வருகிறது. அதன் ஓட்டம் 90 மி.மீ. என்றால் சராசரி வேகம் மணிக்கு 65 கி.மீ. சென்னையின் நெரிசலான சி.டி.எச். ரோட்டில் வண்டியே அந்த வேகத்தில் போக முடியாது! ஒவ்வொரு முறையும் உச்சியில் நின்று திரும்பும் கணத்தில் அந்தப் பிஸ்டன் உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 2,000 மடங்குக்கு மேல். 400 கிராம் எடையுள்ள பிஸ்டன், கிட்டத்தட்ட 900 கிலோ கனத்தோடு கனெக்டிங் ராடை வெடுக்கென்று இழுக்கிறது. ராடில் ஒரு ஸ்விஃப்டையே கட்டித் தொங்கவிட்டு எடுப்பதுபோல், விநாடிக்கு நூறு தடவை. இந்த விசை சுற்றின் வர்க்கத்தோடு ஏறும். சுற்று இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. இத்தனையையும் தாங்கி நிற்பது பேரிங்குக்கும் உலோகத்துக்கும் நடுவிலுள்ள எண்ணெய்ப் படலம். மிக மெலிந்த இடத்தில் அதன் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான். தலைமுடியோ எழுபது மைக்ரான் இருக்கும். ஆயில் மாற்றுவதை இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிப்போட்டால் என்ன என்று கேட்பவருக்கு இந்த எண்களை மட்டும் காட்டினால் போதும்.

இனி அப்பளத்துக்கு வருவோம். பெட்ரோலிலுள்ள ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தை நோக்கிப் போகிறது. மீதியெல்லாம் வெப்பம், ஒரு பகுதி சைலன்சர் வழியே, ஒரு பகுதி கூலன்ட் வழியே. கூலன்ட் வேலை செய்வது நம் வீட்டுக் குக்கரின் தத்துவத்தில். குக்கரின் வெயிட் ஆவியை அடைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றுகிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 வரை பொறுத்துக்கொள்கிறது. ரேடியேட்டர் மூடி செய்வதும் அதையேதான். அதனால்தான் சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும்.

குக்கரில் முதலில் போவது எது? கேஸ்கெட். வருடத்துக்கு ஒன்று மாற்றுகிறோம், யாரும் குக்கர் கம்பெனியைத் திட்டுவதில்லை. காரிலும் அப்படித்தான். எடையைக் குறைக்க, கண்ணாடி இழை கலந்த நைலானில் குழாய் முனைகளையும் தெர்மோஸ்டாட் கூட்டையும் வார்க்கிறார்கள். சூடும் குளிரும் மாறிமாறிப் பட்டு, கூலன்ட்டில் ஊறி, நைலானின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் கொஞ்சம் கொஞ்சமாக அறுகின்றன. வேதியியல் ஆசிரியர்கள் சொல்லித்தரும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வினையின் வேகம் இரட்டிக்கும். இருபது டிகிரி ஏறினால் நான்கு மடங்கு. ஜெர்மன் நெடுஞ்சாலையில் காற்று வாங்கிக்கொண்டு ஓடும் பிளாஸ்டிக்கும், மே மாதம் அம்பத்தூர் ஓ.டி.யில் முதல் கியரில் ஊரும் பிளாஸ்டிக்கும் ஒரே வேகத்தில் முதுமை அடையாது.

இதில் வடிவமைப்பாளர்களின் பங்கும் இருக்கிறது. பிஎம்டபிள்யூ 2008-இல் கொண்டுவந்த என்63 எஞ்சினில் இரண்டு டர்போக்களையும் எட்டு சிலிண்டர்களின் நடுப் பள்ளத்திலேயே உட்காரவைத்தார்கள். டர்போவுக்கு வரும் புகை கிட்டத்தட்ட ஆயிரம் டிகிரியைத் தொடும். பாதை குட்டையானதால் மிதித்ததும் பிக்கப் பிய்த்துக்கொண்டு வந்தது. ஆனால் அடுப்பை வீட்டின் நடுக்கூடத்தில் வைத்ததுபோல் சுற்றியிருந்த ரப்பர், சீல், ஒயர் எல்லாம் வெந்தன. எஞ்சின் எண்ணெய் குடித்தது. 2014-இல் அந்நிறுவனமே அமெரிக்காவில் தனித்திட்டம் ஒன்றை அறிவித்து டைமிங் செயின், இன்ஜெக்டர், பேட்டரி என்று வரிசையாகச் சோதித்து மாற்ற வேண்டியதாயிற்று. ஆயில் மாற்றும் இடைவெளியையும் குறைத்தது. இத்தனைக்கும் அந்த எஞ்சின் ஓட்டுவதற்கு அருமையான எஞ்சின். ஓட்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்த ஷெட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் யோசிப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. கூப்பிடு தூரத்தில் பாடி. லூகாஸ்-டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் எல்லாம் 1960களின் தொடக்கத்தில் அங்கே ஸ்டார்ட்டரும் பிரேக்கும் சக்கரமும் செய்யத் தொடங்கின. 1966-இல் பாடியில் போல்ட் செய்ய ஆரம்பித்த சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ், 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடிகளை அனுப்பியது. மச்சானின் வண்டிக்கு நைலான் முனை ஒன்று கிடைக்க ஒன்பது நாள் காத்திருந்த ஊர் இது.

இன்னும் கொஞ்சம் மேற்கே ஆவடி. அங்கே கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் வெளிவரத் தொடங்கிய விஜயந்தா டாங்கிக்குள் இருந்தது பிரிட்டனின் லேலண்ட் எல்60 எஞ்சின். விசித்திரமான எஞ்சின் அது: ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரும் புதிருமாக வந்து மோதப்போவதுபோல் நெருங்கித் திரும்பும், எந்த எரிபொருளைக் கொடுத்தாலும் ஓட வேண்டும் என்ற ஆசையில் செய்தது. பிரிட்டிஷ் ராணுவம் தன் சீஃப்டன் டாங்கிக்கு இதிலிருந்து 750 குதிரைத்திறனை எதிர்பார்த்தது. லைனர் வெடிப்பதும் ஒழுகுவதுமாக அந்த எஞ்சின் பெயர் கெட்டுப்போனது. விஜயந்தாவில் இருந்த வடிவம் 535 குதிரைத்திறனோடு நிறுத்திக்கொண்டது. சொகுசுக் காருக்கும் டாங்கிக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஒரே இரும்பிடம் எவ்வளவு கேட்பது என்ற தகராறுதான்.

மிச்சத்தை மட்டுமே வைத்து ஒரு சொகுசுக் கார் செய்தால் என்ன ஆகும்? அதையும் சென்னை செய்து பார்த்துவிட்டது. 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த காராகத் தேர்வான ரோவர் எஸ்டி1-இன் உடலை வாங்கிவந்து, வண்டலூர்ப் பக்கமிருந்த ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1985-இல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்று வெளியிட்டது. பார்த்தால் கண் எடுக்க முடியாது. பானெட்டைத் திறந்தால், ரோவரின் மூன்றரை லிட்டர் வி8 இருந்த இடத்தில் 1940களின் வேன்கார்டு எஞ்சின் வழிவந்த 1,991 சி.சி. நாலு சிலிண்டர்; சுமார் 83 குதிரைத்திறன். அந்த எஞ்சினின் உறவுக்காரன் ஃபெர்குசன் டிராக்டரில் உழுதுகொண்டிருந்தவன். அடிக்க அடிக்கத் தாங்கும் ஜாதி. ஆனால் அந்த விலை கொடுத்தவர் தேடியது அதையில்லையே. மூன்றே ஆண்டில் கதை முடிந்தது.

அதனால் மிச்சம் வைக்காதவர்களை நான் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போனால், அங்கே இதற்கெல்லாம் யாரும் வருத்தப்படுவதில்லை. ரேஸ் எஞ்சினை இத்தனை மணி நேரம் ஓடியதும் பிரித்துக் கட்டுவது என்று முதலிலேயே எழுதிவைத்திருப்பார்கள். தெருவில் ஓடும் வேகக் காருக்கும் அப்படியொரு கணக்கு உண்டு. விற்பவர் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை. கியர்பாக்ஸ் எண்ணெய் 'வாழ்நாள் முழுவதும்' என்று போட்டிருக்கும். யாருடைய வாழ்நாள் என்று போட்டிருக்காது. பல ஜெர்மன் கார்களின் கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் எஞ்சின்களில் இன்னொரு கூத்து. பழைய முறையில் பெட்ரோல் வால்வின்மேல் பட்டு அதைக் கழுவிக்கொண்டே இருக்கும். இப்போது கழுவ ஆளில்லை, கரி படிகிறது. உலோகத்தைக் கீறாமல் கரியை மட்டும் பெயர்க்க மெக்கானிக்குகள் காற்றழுத்தத்தில் வீசுவது, வால்நட் கொட்டையின் ஓட்டைப் பொடித்த துகளை. எண்பது லட்ச ரூபாய்க் காருக்கு வைத்தியம், கொட்டை ஓட்டில்.

மின்சாரச் சங்கதியைப் பேச ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கிடைக்காத பொருளில்லை என்பார்கள். கிடைக்கும், ஆனால் பேட்டரியை மாற்றினால்கூட ஸ்கேனரைச் செருகி 'புதுசு போட்டாச்சு' என்று சில வண்டிகளிடம் அறிவிக்க வேண்டும். அத்தனை அறிவையும் தாண்டி ஒரு பெருச்சாளி ஒயரைக் கடித்துவிட்டுப் போகும். அதற்கு இன்றுவரை கண்ட மருந்து, பானெட்டுக்குள் வைக்கும் புகையிலை.

மழைதான் பெரிய பயம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் கொரட்டூர், அம்பத்தூர் பக்கம் நின்ற தண்ணீரை மறக்க முடியாது. தாழ்ந்த காரில் எஞ்சினுக்குக் காற்று உறிஞ்சும் வாய் முன் கிரில்லுக்குப் பின்னாலேயே இருக்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அரை லிட்டர் சிலிண்டர், பத்துக்கு ஒன்று அழுத்த விகிதம் என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் வெறும் 55 மில்லி. அரை டம்ளர் காபி. அதற்கு மேல் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டன் நின்றே ஆக வேண்டும். பின்னாலிருந்து தள்ளும் ராட் வளைந்தே ஆக வேண்டும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்பது இதனால்தான். ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால், தனியாக 'எஞ்சின் புரொடக்ட்' சேர்க்காத பாலிசியில் இன்ஷூரன்ஸ்காரர்கள் பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள்.

நான்கு மணிக்குப் புது முனை மாட்டியாயிற்று. மெக்கானிக் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, ஆக்சிலரேட்டரைப் பத்து விநாடி மிதித்துப் பிடித்தார். எங்கோ உள்ளே மின்பம்ப் தானாக முனகத் தொடங்கியது. கூலன்ட் டேங்கில் குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து உடைந்தன. காற்று முழுக்க வெளியேறப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்றார். மச்சான் அதுவரை குனிந்தபடியே நின்றார், பால் பொங்குகிறதா என்று பார்ப்பவர்போல.

அப்புறம் கள்ளிக்குப்பம் வரை ஒரு ரவுண்ட். திரும்பி வந்து சாவியை எடுத்தோம். எஞ்சின் நின்றது, விசிறி நிற்கவில்லை. மச்சானின் முகம் மாறியது.

"அது அப்படித்தான் சார் ஓடும்," என்றார் மெக்கானிக், கையைத் துடைத்துக்கொண்டே. "சூடு ஆறட்டும். டீ சொல்லவா?"