எல்லா போர்டும் 'ஆல்-மவுன்டன்'தானாம்... அப்போ எதை நம்பி மலையேறுறது?

குல்மார்க்கில் ஸ்நோபோர்டு வாடகைக்கு விடுற கடைக்குள்ள நுழைஞ்சா, சுவர் முழுக்க வரிசையா போர்டு சாய்ச்சு வெச்சிருப்பாங்க. மண்டையோடு, டிராகன், நியான் கலர்னு ஒவ்வொண்ணும் ஒரு டிசைன். "இது எதுக்கு நல்லது?"னு கேட்டா வர்ற பதில் ஒண்ணுதான்: "ஆல்-மவுன்டன் பையா, எல்லாத்துக்கும் போகும்!" பக்கத்துல இருக்குறது? "அதுவும் ஆல்-மவுன்டன்தான்."

முதல் தடவை போனப்போ மண்டையோடு நல்லா இருந்துச்சுன்னு அதை எடுத்தேன். ரெண்டாவது நாள், கோங்டூரி சரிவுல முன்பாதத்துல எடையைக் கொடுத்துத் திரும்பும்போது போர்டு திடீர்னு காலை விட்டு வழுக்கிப் போச்சு. கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டுல மெல்லிய எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் எல்லார்கிட்டயும் சொன்னது, "அந்த போர்டு சரியில்லை."

பெங்களூர்ல என்கூட ரூம்ல இருக்குற நண்பன்தான் கேட்டான்: "டேய் மச்சான், போர்டு மேல பழி போடுறியே... உன் ஷூவை அளந்து பார்த்தியா?"

அளந்து பார்க்கலை. அதுதான் விஷயமே.

முதல்ல, 'ஆல்-மவுன்டன்'னா என்ன?

ஸ்நோபோர்டு ரொம்பப் பழைய சமாச்சாரம் இல்லை. 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர், தன் மகள்கள் விளையாடுறதுக்காக ரெண்டு பனிச்சறுக்குப் பலகைகளைச் சேர்த்துக் கட்டினார். அதுக்கு 'ஸ்னர்ஃபர்'னு பேர் வந்துச்சு. ஸ்நோவும் சர்ஃபும் சேர்ந்த பேர். 1977-ல் ஜேக் பர்ட்டன், வெர்மான்ட் மாநிலத்தில் போர்டு தயாரிக்கும் தொழிலை ஆரம்பிச்சார். 1998 நாகானோ ஒலிம்பிக்ஸில் ஸ்நோபோர்டு போட்டியாகவே சேர்ந்தது. இன்னைக்கும் அமெரிக்காவில் ஆல்டா, டியர் வேலி, மேட் ரிவர் க்ளென் என மூணு பனிச்சறுக்கு ரிசார்ட்டுகள் ஸ்நோபோர்டுக்கு அனுமதி தர்றதில்லைங்கிறது தனிக்கதை.

இப்போ போர்டுகள் வேலைக்குத் தகுந்த மாதிரி பிரிஞ்சு நிக்குது. பார்க்ல தாவிக் குதிக்க, கம்பி மேல சறுக்க, மெதுவா வளையுற போர்டு. புதுப்பனியில மிதக்கத் தலை அகலமா, வால் குறுகலா ஒரு போர்டு. அதிவேகத்துல இறங்க விறைப்பான போர்டு. இது எல்லாத்துக்கும் நடுவுல, ஒரு நாள்ல மலையில எது எதிர்ப்பட்டாலும் சமாளிக்கிறது ஆல்-மவுன்டன். மெஷின் வெச்சு சமப்படுத்தின சரிவு, காலை நேரத்து ஐஸ், மதியம் கஞ்சி மாதிரி ஆகிப்போன பனி, மரங்களுக்கு நடுவுல கிடக்குற புதுப்பனி... எல்லாம் அதுல வரும்.

ஆனா எல்லாத்துக்கும் ஆகுறது, எல்லாத்துலயும் கெட்டி ஆகாது. எதை விட்டுக்கொடுத்து எதைப் பிடிச்சிருக்குன்னு கண்டுபிடிக்கிறதுதான் டெஸ்ட்.

வில்லா, தோணியா?

பனிக்குப் போறதுக்கு முன்னாடியே பாதி டெஸ்ட் முடிஞ்சிடும். போர்டைச் சமமான தரையில வெச்சுட்டு, குனிஞ்சு பக்கவாட்டுல பாருங்க.

நடுப்பகுதி தரையைத் தொடாம மேல எழும்பி, ரெண்டு முனைப் பக்கமும் தரையைத் தொட்டுட்டு இருந்தா அது கேம்பர். கவுத்து வெச்ச வில் மாதிரி. நீங்க மேல ஏறி நின்னா வில் நிமிரும். அந்த அழுத்தம் ஓரம் முழுக்கப் பரவி முனை வரைக்கும் போகும். அதனாலதான் கெட்டிப் பனியில கேம்பர் போர்டு தண்டவாளத்துல போற மாதிரி பிடிச்சு நிக்கும். குதிக்கும்போது அதே வில் உங்களைத் தூக்கியும் விடும். இதுக்கு ஒரு விலை உண்டு. மெதுவா போகும்போது சரிவை நோக்கி இருக்குற ஓரம் பனியில சட்டுனு மாட்டும். மாட்டினா மூஞ்சியோ பின்மண்டையோ நேரா தரைக்கு. ஹெல்மெட் போடச் சொல்றது சும்மா இல்லை.

நடு தரையில உக்காந்து, ரெண்டு முனையும் மேல எழும்பியிருந்தா அது ராக்கர். தோணி மாதிரி. 2000-களின் நடுவுல லிப் டெக் கம்பெனியோட 'ஸ்கேட் பனானா' இந்த வடிவத்தைப் பிரபலமாக்குச்சு. திருப்புறது சுலபம், ஓரம் மாட்டுறது குறைவு, புதுப்பனியில மூக்கு தானா மிதக்கும். ஐஸ்ல மட்டும் பிடி தளரும். அதைச் சரிக்கட்ட அதே கம்பெனி ஓரத்தை நேர்கோடா விடாம அலை அலையா வெட்டுச்சு. நம்ம ஊர் பன்னரிவாள் ஞாபகம் வருதா? அதே லாஜிக்தான். நேர் கத்தி வழுக்குற இடத்துல பல் உள்ளது பிடிக்கும்.

இன்னைக்கு ஆல்-மவுன்டன்னு விக்கிற பலதும் இந்த ரெண்டோட கலவை. உதாரணமா ஜோன்ஸ் கம்பெனியோட 'மவுன்டன் ட்வின்': காலுக்குக் கீழ கேம்பர், முனைகள்ல ராக்கர். இன்னொரு பக்கம் பர்ட்டனோட 'கஸ்டம்', வருஷக்கணக்கா கேம்பர்லயே பேர் வாங்கின போர்டு. அதே பேர்ல கலவை வடிவமும் தனியா வருது. அதனால பேரை மட்டும் பார்த்து வாங்கிடாதீங்க. வடிவத்தைப் பாருங்க.

அடுத்து விறைப்பு. கம்பெனிகள் 10-க்கு இத்தனைன்னு ஒரு நம்பர் போடும். இதுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியோட 5, இன்னொரு கம்பெனியோட 7 ஆக இருக்கலாம். அதோட, 60 கிலோ இருக்குறவருக்கு 'விறைப்பா' தெரியுற போர்டு, 85 கிலோ இருக்குறவருக்கு 'தொளதொள'. பத்துக்கு எட்டு மார்க், ஒன்பது மார்க்னு ரிவ்யூக்கள்ல வர்ற பட்டியல் மேல எனக்கு நம்பிக்கை வராததுக்கு இதுதான் காரணம். மார்க் போட்டவர் எடை என்ன, எந்தப் பனியில ஓட்டினார்னு சொல்லாத ரிவ்யூ, யாரோட கண்ணாடியையோ வாங்கி மாட்டிக்கிற மாதிரி.

என் கையை உடைச்சது எது?

போர்டோட நீளத்தைத் தாடைக்கும் மூக்குக்கும் நடுவுல நிறுத்திப் பார்க்கிறது பழைய வழக்கம். உண்மையில போர்டுக்கு உங்க உயரம் தெரியாது, எடைதான் தெரியும். ஒவ்வொரு போர்டுக்கும் கம்பெனியே எடை வரம்பு தந்திருக்கும், அதைத்தான் பார்க்கணும்.

அதைவிட முக்கியம் இடுப்பு அகலம், அதாவது போர்டோட ஒடுங்கின நடுப்பகுதி. ஷூ ரெண்டு பக்கமும் ஒண்ணு, ஒன்றரை சென்டிமீட்டர் வெளிய நீட்டினா பரவாயில்லை. அதுக்கு மேல நீட்டினா, போர்டைச் சாய்க்கும்போது ஓரத்துக்கு முன்னாடி ஷூ பனியில இடிக்கும். இடிச்சதும் இரும்பு ஓரம் பனியை விட்டு எழும்பிடும். போர்டுக்கு அந்த ஓரம்தான் பிரேக், ஸ்டியரிங் எல்லாமே. பொதுவா ஷூ அளவு யுஎஸ் 11-ஐத் தொட்டா 'வைடு' போர்டு பார்க்கச் சொல்வாங்க. என் ஷூ யுஎஸ் 11.5. அன்னைக்கு நான் எடுத்தது சாதாரண அகலம்.

ஆக, போர்டு சரியில்லைங்கிறது பொய். எனக்கு அது சின்னது. கடைக்காரர் கேட்கலை, நானும் சொல்லலை. ஆறு வாரமா ஒரு கேம்பர் போர்டைத் திட்டிட்டு இருந்திருக்கேன், பாவம்!

ரெண்டாவது தடவை: மூணு போர்டு, ரெண்டு நாள்

அடுத்த சீசன்ல நானும் அவனும் திரும்பப் போனோம். மணிக்கட்டு கார்டு, ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு இஞ்ச் டேப். கேம்பர் ஒண்ணு, ராக்கர் ஒண்ணு, கலவை ஒண்ணுன்னு மூணு போர்டு எடுத்தோம். மூணும் வைடு, நீளமும் ஏறக்குறைய ஒண்ணு.

அமெரிக்காவுல மலையடிவாரத்துலயே கம்பெனிகள் டென்ட் போட்டு 'டெமோ டே' நடத்தும். ஒரே நாள்ல பல போர்டு மாத்தி ஓட்டலாம். நமக்கு அந்த வசதி இல்லை. ஆனா அங்க டெஸ்ட் பண்றவங்க கடைப்பிடிக்கிற அடிப்படையை எங்கயும் செய்யலாம்: போர்டைத் தவிர வேற எதையும் மாத்தாதீங்க.

அதே ஷூ. அதே பைண்டிங்கைக் கழட்டிக் கழட்டி மாத்துறது. அதே கால் கோணம். எனக்கு முன்கால் 15 டிகிரி, பின்கால் மைனஸ் 9. அதே கால் இடைவெளி. அதே சரிவு. ஓரம் மழுங்கியிருக்கான்னு நகத்தை லேசா இழுத்துப் பார்த்தோம். நகம் சீவுப்பட்டா கூர்மை. ஒரு போர்டு மழுங்கல்னு தெரிஞ்சு, கடையில தீட்டி வாங்கினோம். மழுங்கின கேம்பரையும் தீட்டின ராக்கரையும் ஓட்டிட்டு 'ராக்கர்தான் ஐஸ்ல பெஸ்ட்'னு சொன்னா அதைவிடக் காமெடி இருக்காது. மெழுகும் அப்படித்தான். அடிப்பாகம் சின்டர்டு வகையா இருந்தா மெழுகை நல்லா உறிஞ்சி வேகமா ஓடும்; மெழுகு போடாம விட்டா அந்த வேகம் வராது. எக்ஸ்ட்ரூடட் வகை வேகம் கம்மி, பராமரிப்பும் கம்மி. வாடகை போர்டுக்கு அதுவே போதும்.

குல்மார்க் இந்த டெஸ்ட்டுக்கு ஏத்த மலை. ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்துல இருக்கு. கோண்டோலாவோட முதல் கட்டம் கோங்டூரி வரைக்கும், ரெண்டாவது கட்டம் அஃபர்வட் மலையில 3,900 மீட்டரைத் தாண்டி ஏத்தி விடும். கீழ மிதிபட்டுக் கெட்டியான பனி, மேல யாரும் சமப்படுத்தாத பனி.

காலையில முதல்ல கேம்பர். ராத்திரி உறைஞ்ச பனியில ஓரம் கத்தி மாதிரி இறங்குச்சு, வேகத்துல நடுக்கமே இல்லை. ஆனா கீழ தட்டையான இடத்துல மெதுவா வரும்போது ரெண்டு தடவை ஓரம் மாட்டி விழுந்தேன். அடுத்து ராக்கர். அதே இடத்துல வெண்ணெய் மாதிரி திரும்புச்சு. மேல ஐஸ் கிடந்த திட்டுல பக்கவாட்டுல இழுத்துட்டுப் போச்சு. மூணாவது கலவை. எதுலயும் அசத்தலை, எதுலயும் பயமுறுத்தவும் இல்லை.

இங்கதான் பல பேர் தப்பு பண்ணுவாங்க. கலவை போர்டை ஓட்டும்போது மணி பன்னெண்டரை. வெயில்ல பனி இளகியிருந்துச்சு. அதனால திரும்ப கேம்பருக்கே போய் ஒரு ரவுண்டு வந்தேன். காலையில என்னை விழ வெச்ச அதே தட்டையில சிக்கல் இல்லாம வந்துச்சு. பாதி போர்டு மாறினதால இல்லை, பனி மாறினதால! கடைசியில முதல் போர்டைத் திரும்ப ஓட்டாத டெஸ்ட்டுக்கு அர்த்தமே இல்லை.

ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சு லிஃப்ட்ல ஏறும்போதே வாய்ஸ் நோட். கையுறையோட டைப் பண்ண முடியாது, சாயங்காலம் நினைவும் இருக்காது. எங்களுக்குள்ள ஒரு ரூல்: "சூப்பர்", "மொக்கை" சொல்லக் கூடாது. எந்த இடத்துல, என்ன வேகத்துல, உடம்புல எங்க தெரிஞ்சுதுன்னு சொல்லணும். ரெண்டாவது நாள் புதுப்பனியில கேம்பர் ஓட்டினப்போ என் வாய்ஸ் நோட்ல இருக்குறது: "பின்தொடை எரியுது." மூக்கு புதையாம இருக்க முழு எடையையும் பின்காலுக்குக் கொடுத்துட்டு இருந்தேன். ராக்கர்ல அந்த வலி இல்லை. கலவையில, பைண்டிங்கை ஒரு ஓட்டை பின்னாடி தள்ளி மாட்டினதும் பாதிக்கு மேல குறைஞ்சுது.

புதுப்பனி டெஸ்ட்டுக்குத் தனியா போகவே போகாதீங்க. 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் பனிச்சரிவில் சிக்கி ரஷ்யாவிலிருந்து வந்தவர் ஒருவர் இறந்தார். ரிசார்ட் எல்லைக்கு வெளிய போறதுன்னா உள்ளூர் வழிகாட்டி, புதைஞ்சவரைக் கண்டுபிடிக்கிற பீக்கன், குத்திப் பார்க்குற கம்பி, மண்வெட்டி எல்லாம் வேணும், பயன்படுத்தவும் தெரிஞ்சிருக்கணும். நாங்க வழிகாட்டி சொன்ன இடத்தைத் தாண்டலை.

யாருக்கு எது?

முதல் சீசன்னா என் ஓட்டு கலவைக்கு. நடுத்தர விறைப்பு, எடை வரம்புக்குள்ள. பனிக்கு நல்லா பழகி, வேகம் பிடிச்சவங்க கேம்பர் எடுக்கலாம். என் நண்பன் அதைத்தான் எடுத்தான், கீழ தட்டையில விழுந்தாலும் பரவாயில்லையாம். ராக்கர் ஜாலியான போர்டு, ஆனா காலை ஐஸ்ல அதோட இன்னொரு தடவை போக நான் தயாரில்லை.

வாங்கணுமாங்கிறது வேற கேள்வி. அமெரிக்காவுல புது போர்டு 500, 600 டாலர் ஆகும். அதை விமானத்துல ஏத்துற செலவு தனி. வருஷத்துக்கு நாலு நாள் பனியைப் பார்க்குற நமக்கு வாடகையே போதும். ஷூ மட்டும் சொந்தமா வாங்கினா நல்லது, ஏன்னா குதிகால் ஆடாத ஷூ இருந்தாத்தான் எந்த போர்டும் சொன்ன பேச்சு கேக்கும்.

கடையில கேட்க வேண்டியது நாலு: எடை வரம்பு என்ன, இடுப்பு அகலம் எவ்வளவு, ஓரம் கடைசியா எப்போ தீட்டினது, கேம்பரா ராக்கரா. கடைசிக் கேள்விக்கு "ஆல்-மவுன்டன்"னு பதில் வந்தா, போர்டை வாங்கித் தரையில வெச்சு நீங்களே குனிஞ்சு பாருங்க. அப்படியே ஷூவோட மேல ஏறி நின்னு, நண்பரை விட்டு முனை எவ்வளவு நீட்டுதுன்னு அளக்கச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வேலை. இந்தத் தடவை கடைக்காரரே குனிஞ்சு அளந்துட்டு, நான் ஆசையா பார்த்துட்டு இருந்த அந்த மண்டையோட்டைத் திரும்ப சுவர்ல சாய்ச்சு வெச்சிட்டார்.