100 எம்பிபிஎஸ் லைன், 2 எம்பிபிஎஸ் வேகம்

1998-இல் ஹைதராபாத் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டபின், அந்த வட்டாரத்தில் பெருகிய மென்பொருள் அலுவலகங்கள் பலவற்றுக்கு ஆட்கள் இங்கே, சர்வர் அமெரிக்காவில். ஒரு கோப்பைத் திறந்தால் நகராது. "லைனைப் பெரிசாக்குங்க" என்பார் மேலாளர். பணம் கட்டிப் பெரிதாக்கினாலும் அதே ஆமை வேகம்தான்.

கணக்கு எளியது. ஹைதராபாத்துக்குக் கடல் இல்லை. மும்பைக்கோ சென்னைக்கோ போய்த்தான் கடலடிக் கேபிளில் ஏற வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சுற்றுவழியில் கலிபோர்னியா போய்த் திரும்ப ஏறத்தாழ கால் நொடி. டிசிபி நெறிமுறையோ ஒரு தவணை அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற ஒப்புகைக்காகக் காத்திருக்கும். பழைய விண்டோஸ் கணினிகளில் அந்தத் தவணை பொதுவாக 64 கிலோபைட்டைத் தாண்டாது. கால் நொடிக்கு 64 கிலோபைட் என்றால் நொடிக்கு 2 மெகாபிட் சொச்சம். லைன் 100 மெகாபிட்டாக இருந்தும் என்ன பயன்? பெரிய தவணைக்கு வழிசெய்யும் ஆர்எஃப்சி 1323 வெளிவந்தது 1992-இல். எல்லாக் கணினிகளிலும் அது நடைமுறைக்கு வரப் பல வருடங்கள் பிடித்தன.

இந்த இடைவெளியில்தான், தொலைதூர இணைப்பை வேகப்படுத்தும் வேன் (WAN) ஆப்டிமைசர் பெட்டிகள் சந்தைக்கு வந்தன. பேர்பெற்றது ரிவர்பெட்டின் ஸ்டீல்ஹெட். 2002-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் மெக்கேன், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்ட நெட்வொர்க் பொறியாளர்கள் தினமும் தட்டும் டிசிபிடம்ப்பை உருவாக்கியவர்களிலும் ஒருவர். இரு முனையிலும் ஒரு பெட்டி. கணினிக்கு வேண்டிய ஒப்புகையைப் பக்கத்துப் பெட்டியே உடனுக்குடன் கொடுத்துவிடும். ஊருக்கு வெளியே பெரிய தவணைகளாக அனுப்பும். ஏற்கெனவே போன தரவுத் துண்டு மறுபடி வந்தால், துண்டை அனுப்பாமல் அதன் அடையாள எண்ணை மட்டும் அனுப்பும்.

பெட்டியை ஸ்விட்சுக்கும் ரவுட்டருக்கும் நடுவே மாட்டுவார்கள். மின்சாரம் போனால் உள்ளேயிருக்கும் ரிலே இரு கேபிள்களையும் நேரடியாக இணைத்துவிடும். அதனால் அனுபவசாலி, பெட்டியை ஆன் செய்யும் முன்பே கேபிளை மாட்டி லிங்க் வருகிறதா என்று பார்த்துவிடுவார். இதைத் தவிர்த்தவர்களுக்கு முதல் மின்வெட்டில் அலுவலகமே நின்றுபோகலாம்.

வழக்கமான கோளாறுகளில் முதலிடம் டூப்ளெக்ஸுக்கு, அதாவது ஒரே நேரத்தில் இருபுறமும் தரவு போகலாமா என்ற அமைப்புக்கு. ரவுட்டரில் 100 ஃபுல் என்று கட்டிவைத்து, பெட்டியை ஆட்டோவில் விட்டால், பேச்சுவார்த்தைக்குப் பதில் வராத பெட்டி ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். பிங் அழகாகப் போகும். பெரிய கோப்பு மட்டும் தவழும். போர்ட்டின் பிழைக் கணக்கைப் பார்த்தால் உண்மை தெரியும்.

அடுத்து ஃபயர்வால். ஸ்டீல்ஹெட் தன் ஜோடியைத் தேட, டிசிபியின் முதல் பாக்கெட்டில் 76-ஆம் எண் ஆப்ஷனைச் செருகும். அறியாத ஆப்ஷன் என்று ஃபயர்வால் அதை உரித்துவிட்டால் ஜோடி சேராது. எதுவும் நிற்காது, எதுவும் வேகமும் ஆகாது. இரு முனையிலும் டிசிபிடம்ப் ஓட்டி ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும்.

ஹைதராபாத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, இரட்டை லைன். 2008 ஜனவரியில் அலெக்சாண்ட்ரியா அருகே கேபிள்கள் அறுந்து இந்திய இணையம் திணறியது. அப்படியொரு நாளுக்காக மும்பை வழியாக மேற்கே ஒன்று, சென்னை வழியாகக் கிழக்கே ஒன்று என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஆனால் போனது ஒரு வழியிலும் பதில் மறுவழியிலும் வந்தால், பெட்டிக்குப் பாதிப் பேச்சுதான் காதில் விழும், இணைப்புகள் அறுந்துபோகும். இரு லைனையும் ஒரே பெட்டி வழியாக விடுவது, அல்லது பெட்டிகளை ஒன்றோடொன்று பேசவைப்பது தீர்வு.

இன்று பெட்டியின் மவுசு குறைந்துவிட்டது. பெரும்பாலான போக்குவரத்து மறைகுறியாக்கத்தில் போகிறது. சான்றிதழும் சாவியும் இல்லாமல் பெட்டியால் உள்ளே பார்க்க முடியாது. 2021-இல் ரிவர்பெட் திவால் பாதுகாப்பு கேட்டது. 2022-இல் அமேசான் தன் கிளவுட் மையத்தை ஹைதராபாத்திலேயே திறந்தது. இருந்தும் கனமான வரைபடக் கோப்புகளும் பேக்கப்பும் கடல் தாண்டும் இடங்களில் தேவை இருக்கிறது. வாங்குமுன் ஒன்று: விற்பவர் ஒரே கோப்பை இரண்டாம் முறை அனுப்பிக் காட்டுவார், பறக்கும். உங்கள் அலுவலகக் கோப்பை, ஏற்கெனவே ஜிப் செய்ததை, முதல் முறையாக அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.