தாயின் குற்றமன்று!

பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாது, பேச்சும் தாமதப்படும் குழந்தையைக் கண்டால், நம் வீடுகளில் முதற்பழி தாயின்மீதே விழுகிறது. ஒரு காலத்தில் அறிஞர் சிலரும் அவ்வாறே கூறினர். 1943-இல் லியோ கானர் என்னும் மருத்துவர் ஆட்டிசத்தை விவரித்தார். அதன்பின் தாயின் அன்பின்மையே காரணமென்ற கருத்து பரவிற்று. 1964-இல் பெர்னார்டு ரிம்லண்ட் நூலெழுதி அதை மறுத்தார். அவரே அத்தகைய மகனுக்குத் தந்தை.

ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. மரபணுக்களின் பங்கு பெரிது. அதனைப் போக்கும் மருந்தில்லை. ஆயினும் பேச்சுப் பயிற்சியை இளமையிலேயே தொடங்கினால் பலனுண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனமொன்று இத்தகைய பயிற்சிகளை அளிக்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது. சான்றிதழ் பெற்றோர் ‘நிராமயா’ திட்டத்தில் சேர்ந்தால், 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு.

ஊரிலிருந்து இத்தகைய செய்தி வருமாயின், தாயைத் தேற்றி மருத்துவரிடம் அனுப்புவது அறிவியல் கற்கும் நம் கடமையன்றோ?